கேபிள் இல்லாமல் டிவி: எது ஓசியில் வரும், எதைப் பதியலாம்?

மாசம் பிறந்தால் கேபிளுக்குக் காசு எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. யூடியூபைத் திறந்தால் அமெரிக்காக்காரர் ஒருவர் ஜன்னல் கண்ணாடியில் தகடு மாதிரி ஓர் ஆண்டெனாவை ஒட்டிவிட்டு, ஏகப்பட்ட சேனல் வருகிறது, எல்லாம் ஓசி என்கிறார். பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டி வைத்து, வேண்டியதைப் பதிவும் பண்ணிக்கொள்கிறார். அதே தகடு நம்மூர் ஆன்லைன் கடைகளிலும் கிடைக்கிறது. வாங்கி ராயபுரத்து ஜன்னலில் ஒட்டினால் சன் டிவி வருமா?

வராது. தகட்டில் குறை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் போன்ற பெரிய சேனல்கள் ஊருக்கு ஊர் கோபுரம் வைத்து, யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று தரையிலிருந்தே ஒளிபரப்புகின்றன. 2009 ஜூன் 12 அன்று அங்கே பெரிய நிலையங்கள் அனலாக்கை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறின. அதன்பிறகும் இலவசம் இலவசமாகவே இருக்கிறது. இந்தியாவில் தரைக் கோபுரம் வைத்து டிவி ஒளிபரப்புவது தூர்தர்ஷன் மட்டும்தான். சன் டிவிக்கோ விஜய் டிவிக்கோ சென்னையில் அப்படி ஒரு கோபுரமே கிடையாது. இல்லாத அலையை எந்தத் தகடு பிடிக்கும்? அதனால் அந்தத் தகடு ஆண்டெனாவுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

ஆனால் கேபிள் இல்லாமல் டிவி பார்ப்பதும் பதிவதும் நம் ஊரிலும் முடியும். அதற்கு முதலில் ஒரு விஷயம் பிடிபட வேண்டும்.

பூட்டிய அலை, பூட்டாத அலை

ஒயரில் வீட்டுக்கு வரும் கேபிள் சேனலும் முதலில் வானத்திலிருந்துதான் இறங்குகிறது. கேபிள் நிறுவனம் மாடியில் ஆறடி, எட்டடி அகலத்துக்குப் பெரிய தட்டுகள் வைத்திருக்கும். செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையை அதில் பிடித்து, ஒயரில் ஏற்றித் தெருத் தெருவாக அனுப்புகிறார்கள். அந்த அலை அவர்கள் மாடியில் மட்டுமா விழுகிறது? உங்கள் மொட்டை மாடியிலும், பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி மேலும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அப்புறம் காசு எதற்கு?

இரண்டு காரியத்துக்கு. ஒன்று பூட்டு. கட்டண சேனல்காரர்கள் படத்தைக் குலைத்து அனுப்புகிறார்கள். குலைந்ததைத் திரும்பப் படமாக்கும் சாவி, சந்தா கட்டியவரின் செட்டாப் பாக்ஸுக்கு மட்டும் போகும். இன்னொன்று ஒயர் கூலி. சேனல் பூட்டில்லாததாகவே இருந்தாலும், அதை உங்கள் கூடம் வரைக்கும் கொண்டு வந்து சேர்த்ததற்கான காசு அது.

கேபிள் பில்லில் இந்த இரண்டும் கலந்து கிடப்பதால்தான் பலருக்கும் குழப்பம். 2019-ல் ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கொண்டுவந்த முறையில் சேனல் விலை தனி, இணைப்புக் கட்டணம் தனி. இணைப்புக் கட்டணத்துக்கு 130 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. 2024-ல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். அதாவது ஒரு கட்டண சேனல்கூடக் கேட்காமல், 'இலவச சேனல்' என்று பட்டியலில் இருப்பதை மட்டும் பார்த்தாலும் மாசா மாசம் கைக்காசு போகும். ஆக, நாம் தேடுவது பூட்டும் இல்லாத, ஒயரும் வேண்டாத அலை. சென்னையில் அதற்குத் தரை வழி ஒன்று, வான் வழி ஒன்று.

தரை வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கியது. அந்தக் காலத்தில் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை மாடிகளில் மீன் முள் மாதிரி நின்ற ஆண்டெனாக்கள் பிடித்தது இந்தத் தரை அலையைத்தான். அந்த அனலாக் ஒளிபரப்பிகளைத் தூர்தர்ஷன் நாடு முழுக்கப் பெரும்பாலும் மூடிவிட்டது. 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் தரை ஒளிபரப்பை ஆரம்பித்தார்கள். அதைப் பிடிக்கும் டியூனரோடு டிவிகள் பரவலாக விற்கவில்லை, ஜனங்களுக்கும் விஷயம் போய்ச் சேரவில்லை. உங்கள் டிவியில் அந்த டியூனர் இருந்தால் ஒருமுறை ஸ்கேன் ஓட்டிப் பாருங்கள், நஷ்டம் இல்லை. அதற்கென்று தனியாக எதையும் வாங்காதீர்கள்.

டிடி ஃப்ரீ டிஷ்

நமக்கு உருப்படியான வழி இதுதான். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தூர்தர்ஷன் தொடங்கிய டிடிஎச் சேவை இது. இப்போது ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. மாசக் கட்டணம் கிடையாது, ரீசார்ஜ் கிடையாது, பெயர் பதிவுகூட வேண்டாம். தட்டு, எல்என்பி (தட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு அலையை வாங்கும் குமிழ்), ஒயர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு தடவை சுமார் 2000 ரூபாய் என்று தூர்தர்ஷன் தரப்பில் சொல்வார்கள். மாடியில் பழைய டிடிஎச் தட்டு ஒன்று துணி காயப்போடும் கொடிக்குக் கம்பமாக நின்றுகொண்டிருந்தால் இன்னும் மிச்சம்: துரு ஏறி நெளியாமல் இருந்தால் அதையே திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கேட்கப்படும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"தம்பி, ராத்திரி சீரியல் வருமா?"

"சன், விஜய், ஜீ எதுவும் வராதுக்கா."

"அப்போ இது எதுக்கு?"

நியாயமான கேள்வி. ஃப்ரீ டிஷ்ஷில் டிடி தமிழ் வரும் (பொதிகைதான், 2024 ஜனவரியில் பெயர் மாறியது). தூர்தர்ஷனின் மற்ற மொழி சேனல்கள், டிடி நியூஸ், டிடி ஸ்போர்ட்ஸ், சன்சத் டிவி, பிஎம் இ-வித்யா, ஸ்வயம் பிரபா போன்ற கல்விச் சேனல்கள், ஆகாசவாணியின் வானொலிகள் எல்லாம் வரும். தனியார் சேனல்களும் உண்டு. ஆனால் அந்த இடங்களைத் தூர்தர்ஷன் ஏலத்தில் விடுகிறது, ஏலம் எடுப்பவர்கள் வட இந்தியக் கூட்டத்தைக் குறிவைப்பதால் பெரும்பாலும் இந்திதான். சீரியல் பார்க்கிற வீட்டில் கேபிளை நிறுத்திவிட்டு இதை மட்டும் வைத்தால் சண்டைதான் வரும், சொல்லிவிட்டேன். மாடி அறையில் இருக்கும் இரண்டாவது டிவிக்கு, செய்தியும் பழைய பாட்டும் போதும் என்கிற பெரியவர்களுக்கு, டேட்டா செலவில்லாமல் பாடம் பார்க்க வேண்டிய பிள்ளைகளுக்கு இது சரியாக வரும்.

அப்புறம் கிரிக்கெட். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். முக்கியமான ஆட்டங்களின் நேரலையைத் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007-ல் ஒரு சட்டம் வந்தது. இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 சர்வதேச ஆட்டங்கள் அதில் வரும். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, உலகக் கோப்பைக் கால்பந்தின் அரையிறுதி, இறுதி ஆட்டங்கள் போன்றவையும் உண்டு. வியாசர்பாடிப் பையன்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். ஐபிஎல் கிடையாது. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: பகிரப்பட்ட அந்த நேரலையைத் தூர்தர்ஷன் தன் தரைவழியிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் காட்டலாம், கேபிளிலும் தனியார் டிடிஎச்சிலும் போகும் டிடி சேனலில் காட்டக் கூடாது. அதனால்தான் கேபிளில் டிடி ஸ்போர்ட்ஸ் வைத்திருப்பவர் மேட்ச் நேரத்தில் வேறு ஏதோ நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர் வீட்டில் கைதட்டல் கேட்கும். காசு கட்டியவருக்கு இல்லாதது கட்டாதவருக்குக் கிடைக்கிற இடம் டிவி உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

தட்டை எங்கே திருப்புவது

ஜிசாட்-15 பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு, திசைகாட்டியில் கிட்டத்தட்ட 134 டிகிரி. வடசென்னைக்காரருக்குத் திசைகாட்டி எதற்கு? கடலைப் பார்த்து நின்று, வலது கைப் பக்கம் பாதி திரும்பினால் தென்கிழக்கு. போன் திசைகாட்டியை இரும்புக் கைப்பிடி, தண்ணித் தொட்டி ஸ்டாண்டு பக்கத்தில் வைத்தால் அது தப்பாகக் காட்டும், கடல் காட்டாது.

உயரக் கோணம் சுமார் 68 டிகிரி. அதாவது அடிவானத்தை விடத் தலை உச்சிக்குத்தான் பக்கம். சுவரும் சுவரும் ஒட்டி நிற்கிற நம் தெருக்களுக்கு இது பெரிய வசதி. பக்கத்து வீடு உங்கள் தட்டைவிடப் பத்தடி உயரமாக இருந்தாலும், அந்தச் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி வைத்தால் மறைக்காது. தட்டின் முகம் அவ்வளவு மேலே பார்ப்பதாகக் கண்ணுக்குத் தெரியாது, பாதிச் சாய்வில்தான் நிற்கும். எல்என்பி கீழ்ப்பக்கம் தள்ளி இருக்கும்படி செய்த தட்டு அது, அதனால் அப்படித்தான் இருக்கும். சாய்வு போதவில்லை என்று மேலும் மேலும் வளைக்க வேண்டாம். பிராக்கெட்டில் டிகிரி போட்டிருக்கும், அதை நம்புங்கள்.

இடம் மறைகிறதா என்று பார்க்கச் சூரியனே உதவும். மார்ச் நடுவில் முற்பகல் 11.15 வாக்கிலும், செப்டம்பர் கடைசியில் 11 மணி வாக்கிலும் சூரியன் இந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் தட்டு வைக்கும் இடத்தில் வெயில் விழுந்தால் அலையும் விழும். ஏற்கெனவே தட்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த நாட்களில் சில நிமிடம் படம் உடைந்து உடைந்து வரும். சூரியனின் இரைச்சல் சிக்னலை அமுக்கிவிடுவதால் வருவது அது, பாக்ஸ் பழுது இல்லை. ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

பாக்ஸ் மெனுவில் ஜிசாட்-15 அல்லது ஃப்ரீ டிஷ் என்று தேர்ந்தெடுத்து, எல்என்பி வகைக்கு யூனிவர்சல், 9750-10600 என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் இரண்டு கோடு தெரியும். ஒன்று சிக்னலின் பலம், இன்னொன்று தரம். ஒயர் எல்என்பியில் மாட்டியிருந்தாலே பலம் 60, 70 என்று ஏறி நிற்கும். தட்டு பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் நிற்கும். அதைப் பார்த்து ஏமாறுபவர்கள்தான் அதிகம். தரம் என்ற கோடு எழுந்தால்தான் செயற்கைக்கோள் கிடைத்தது என்று அர்த்தம். மாடியில் ஒருவர், கீழே டிவி முன்னால் ஒருவர், இரண்டு பேர் கையிலும் வீடியோ கால். தட்டை ஒரு விரல் அகலம் நகர்த்துங்கள், இரண்டு மூன்று வினாடி காத்திருங்கள், அப்புறம் அடுத்த விரல். டிஜிட்டல் பாக்ஸ் அலையைப் பிடித்துக்கொள்ள அந்த நேரம் எடுக்கும். சரசரவென்று சுற்றினால் சரியான இடத்தைத் தாண்டிப் போனதே தெரியாது.

தரம் கொஞ்சம் எழுந்து நின்றுவிட்டது, மேலே போகவில்லை என்றால் எல்என்பியைக் கவனியுங்கள். அதை அதன் பிடிக்குள்ளேயே சுழற்ற முடியும். அலை செங்குத்து, கிடை என்று இரண்டு விதமாக அதிர்ந்து வருகிறது. பூமியின் வளைவினால் நாம் நிற்கும் இடத்துக்கு ஏற்ப அந்த அதிர்வு சாய்ந்து வந்து சேரும். கணக்குப்படி டெல்லியில் இந்தச் சாய்வு 27 டிகிரி பக்கம், சென்னையில் கிட்டத்தட்ட 45. வடக்கத்தி வீடியோவைப் பார்த்து அதே மாதிரி லேசாகத் திருப்பிவிட்டு, தரம் வரவில்லையே என்று தலையைச் சொறிபவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். தட்டுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி, கடிகாரம் ஓடுவதற்கு எதிர்த் திசையில் திருப்பிக்கொண்டே வாருங்கள். தரம் உச்சத்துக்கு வரும் இடத்தில் நட்டை இறுக்குங்கள்.

எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு எதிரி உப்புக்காற்று. எல்என்பியில் ஒயர் திருகும் இடம்தான் முதலில் கெடும். தண்ணீர் புகாத ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, ஒயர் கீழே இறங்கும் முன் ஒரு தொங்கல் விடுங்கள், மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வர்தா மாதிரி ஒரு புயல் வந்தால் ஆணியில் நிற்கும் தட்டு பறந்துவிடும், நாலு போல்ட்டும் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டும்போது சில நிமிடம் படம் போகத்தான் செய்யும். இந்த அலை நீளம் மழைத் துளிக்குப் பயந்தது.

பதிவு செய்வது

கட்டண டிடிஎச்சில் பதிவு செய்தால் அந்தப் பதிவும் பூட்டோடுதான் சேமிக்கப்படும். அந்த பாக்ஸில்தான் ஓடும், சந்தா நின்றால் பல சமயம் அதுவும் ஓடாது. ஃப்ரீ டிஷ்ஷின் பூட்டில்லாத சேனலில் அந்தத் தொல்லை இல்லை. செயற்கைக்கோளிலிருந்து வருவதே டிஜிட்டல் கோப்பு மாதிரிதான், பாக்ஸ் அதைப் படமாக மாற்றாமல் வந்தபடியே பெண்டிரைவில் எழுதிக்கொள்கிறது. அதனால் பதிவில் தரம் குறையாது. நேரலையில் எப்படி வந்ததோ அப்படியே இருக்கும்.

வாங்கும்போதே யூஎஸ்பி பதிவு உள்ள எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) பாக்ஸாகக் கேளுங்கள். ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ வாங்கினால் கடையிலேயே ஒரு நிமிடம் பதிந்து, அந்தப் பெண்டிரைவை லேப்டாப்பில் போட்டு விஎல்சியில் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். சில பாக்ஸ்கள் தங்களுக்கு மட்டும் புரிகிற வடிவத்தில் எழுதிவைக்கும்.

சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் பதிந்தால் சுமார் ஒன்றிலிருந்து ஒன்றரை ஜிபி பிடிக்கும். 32 ஜிபி பெண்டிரைவில் இருபது மணி நேரம் தாராளமாக நிற்கும். பெண்டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால் ஒரு ஒருநாள் மேட்ச் மூன்று நாலு துண்டாக விழும். பயப்பட வேண்டாம், வரிசையாகப் போட்டால் ஓடும்.

ஒரு சேனலைப் பதிந்துகொண்டே இன்னொன்றைப் பார்க்கலாமா? சில சமயம் முடியும். டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) என்பது ஒரு மின்சார ரயில் மாதிரி, ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் பெட்டி பெட்டியாகக் கோத்து வரும். பாக்ஸில் ஒரு டியூனர் இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு ரயிலில்தான் ஏற முடியும். பதிகிற சேனல் இருக்கும் அதே ரயிலில் உள்ள வேறு சேனலைப் பார்க்கலாம், அடுத்த ரயிலில் இருப்பதைப் பார்க்க முடியாது. எந்தச் சேனலுக்குத் தாவ விடுகிறது, எதற்கு 'பதிவை நிறுத்தவா' என்று கேட்கிறது என்பதைப் பார்த்தே கூட்டாளிகளைத் தெரிந்துகொள்ளலாம்.

டைமர் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தால் போதும். நம் வீடுகளில் வெளியே கிளம்பும்போது பிளக் பாயிண்டையே அணைக்கும் வழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் டைமர் எழுந்திருக்காது. நடுவில் கரண்ட் போனாலும் அத்தோடு பதிவு நிற்கும், அதுவரை பதிந்த கோப்பு சில சமயம் திறக்காமலும் போகும். ஷிப்ட் முடிந்து வருபவருக்கு இன்னொரு வசதி டைம்ஷிப்ட்: வாசலில் யாராவது கூப்பிட்டால் நேரலையை நிறுத்திவிட்டுப் போய் வந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். பெண்டிரைவ் பழசாக, மெதுவானதாக இருந்தால் இது திக்கும்.

வீட்டில் திரும்பப் பார்க்கப் பதிந்துகொள்வதில் சிக்கல் இல்லை. அதையே யூடியூபில் ஏற்றுவதும் காப்பி போட்டு விற்பதும் வேறு விவகாரம், காப்புரிமைச் சட்டம் வந்து நிற்கும்.

தனியார் சேனல்களின் ஏல ஆண்டு ஏப்ரல் 1-ல் தொடங்கும். அதையொட்டி சில சேனல் போய்ச் சில சேனல் வரும், எண்களும் மாறும். அப்போது ஒருமுறை மறுபடி ஸ்கேன் ஓட்டுங்கள், டைமர்களையும் சரிபாருங்கள். மாடியில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் என்று இருந்தால் ஒரே தட்டு போதும். ஆனால் ஒரு ஒயரை ஸ்ப்ளிட்டரில் பிரித்துக்கொண்டால், ஒரு வீட்டு பாக்ஸ் எல்என்பியைச் செங்குத்துக்கு மாற்றச் சொல்லும்போது இன்னொரு வீட்டில் படம் போகலாம். இரண்டு வாய் உள்ள எல்என்பியாக வாங்கி, வாய்க்கு ஒரு ஒயர் இழுத்துவிட்டால் அவரவர் பாக்ஸ் அவரவர் இஷ்டத்துக்கு ஓடும்.